போட்ட தீனி யார் வயிற்றுக்குப் போகிறது?

முதலில் கவனித்தது என் மகன்தான். சாயங்காலத் தீனியைப் போட்டுவிட்டு நான் டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன். அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியில் மூக்கு ஒட்டும் அளவுக்குத் தொட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா, மீசை ஒண்ணுமே சாப்பிடலம்மா" என்றான். மீசை என்பது எங்கள் வீட்டுக் கோரிடோரஸ் மீன்களுக்கு அவன் வைத்த பெயர், ஐந்துக்கும் ஒரே பெயர்தான். தொட்டி அடியில் மேய்கிற மீன் அது, சுருக்கமாகக் கோரி என்போம். "அடியில விழுறத அது தேடிச் சாப்பிட்டுக்கும்டா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன், ஏனென்றால் மீன் வாங்கிய இடத்தில் எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள், நானும் அதை அப்படியே நம்பியிருந்தேன்.

அடுத்த வாரம் ஒரு கோரி செத்துக் கிடந்தது. வலையால் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் பார்த்தால் எந்தக் குறையும் இல்லை, கொழுகொழுவென்று இருப்பது போலத்தான் தெரிந்தது. திருப்பிப் போட்டதும்தான் வயிறு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி இருப்பதைப் பார்த்தேன், ஸ்பூனால் வழித்து எடுத்தது போல. கோரி மீனுக்கு இரண்டு பக்கமும் செதிலுக்குப் பதிலாக எலும்புத் தகடு வரிசையாக இருக்கும், அதனால் அது எவ்வளவு மெலிந்தாலும் வெளித்தோற்றம் மாறாது, வயிறு மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். அந்த வயிறோ மண்ணோடு ஒட்டி இருக்கும், மேலே இருந்து பார்க்கிற நம் கண்ணில் படாது. கோரி வளர்க்கிற யாரும் இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அது கண்ணாடியில் ஒட்டி மேலே ஏறும்போது வயிற்றைப் பாருங்கள். சமமாகவோ லேசாக உருண்டோ இருந்தால் நல்லது. உள்வாங்கி இருந்தால் அது பல நாளாகப் பட்டினியாக இருக்கலாம்.

எங்கள் வீடு பெரம்பூரில். வண்ணமீனுக்குப் பேர்போன கொளத்தூர் பக்கத்திலேயே இருப்பதால் நினைத்தபோது போய் இரண்டு மீன் வாங்கி வருவது சுலபம், பிரச்சினை ஆரம்பித்ததும் அங்கேதான். ஒவ்வொரு முறையும் அழகாக இருந்ததை வாங்கினோம். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி, கல் போக நூற்றி அறுபது லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் எட்டு டைகர் பார்ப், இரண்டு ஏஞ்சல், ஐந்து கோரி, பாசியைச் சுரண்டுகிற பிரிசில்நோஸ் பிளெக்கோ ஒன்று. எண்ணிக்கையாகப் பார்த்தால் அதிகமில்லை. ஆனால் இந்த நான்கும் சாப்பிடும் விதம் நான்கு விதம் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

கோரி செத்ததும் நான் செய்த முதல் காரியம் தீனியைக் கூட்டியது. எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன், வீட்டில் ஒரு பிள்ளை சாப்பிடவில்லை என்றால் குழம்பை அதிகமாக வைக்கிற புத்தி. பத்து நாளில் பார்ப் எட்டும் பந்து மாதிரி ஆகிவிட்டன, சின்ன ஏஞ்சல் அப்படியே ஒல்லியாக இருந்தது, தண்ணீர் கலங்கி லேசாக வாடை அடிக்க ஆரம்பித்தது. டெஸ்ட் கிட் வைத்துப் பார்த்தால் அம்மோனியா 0.5 காட்டியது. அது பூஜ்யத்தில் இருக்க வேண்டியது. கூடுதலாகப் போட்ட தீனி கல்லிடுக்கில் இறங்கி அழுகியிருக்கிறது. பசியில் இருந்த மீனுக்குத் தீனியும் கிடைக்கவில்லை, மூச்சு விடுகிற தண்ணீரும் கெட்டது. உடனே கால்வாசித் தண்ணீரை மாற்றினேன், அடுத்த மூன்று நாளும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன், ஒரு நாள் முழுக்கத் தீனியே போடவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து எண்ணினோம். இதை எல்லோரும் ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும். குட்டி உருண்டையாக வருகிற தீனி, அந்தப் பெல்லட்டில் நாற்பதை எண்ணி எடுத்து வைத்துக்கொண்டேன், மகன் செல்போனைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்து வீடியோ ஓடவிட்டான், நான் வழக்கம்போல முன்பக்க மூலையில் கொட்டினேன். பிறகு வீடியோவை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு பெல்லட்டும் எங்கே போகிறது என்று நோட்டில் கோடு போட்டோம். பார்ப் கூட்டத்துக்கு இருபத்தொன்பது. பெரிய ஏஞ்சலுக்கு ஆறு. சின்ன ஏஞ்சலுக்கு ஒன்று. கல்லுக்குள் விழுந்து காணாமல் போனது மூன்று. கோரிகள் நான்குக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. எல்லாம் முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு நிமிடத்தில் சாப்பிட்டு முடிக்கிற அளவு போடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், எங்கள் தொட்டியிலும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துதான் போனது. யார் முடித்தார்கள் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது.

பார்ப் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அது கெண்டைக் குடும்பம். அந்தக் குடும்பத்து மீன்களுக்கு இரைப்பை என்று தனியாக ஒன்று கிடையாது, சாப்பிட்டது தொண்டைப் பல்லில் அரைபட்டு நேராகக் குடலுக்குப் போய்விடும். நிறையச் சாப்பிட்டு வயிற்றில் தேக்கி வைத்துக்கொள்ள வழியில்லாததால் நாள் முழுக்கக் கொறித்துக்கொண்டே இருக்கிற பிழைப்பு அதற்கு, கண்ணில் எது பட்டாலும் வாயில் போட்டுப் பார்க்கும். தங்கமீனும் இதே ஜாதிதான், எப்போது போனாலும் பசித்தது போல ஓடி வருவது இதனால்தான். ஏஞ்சலோ தட்டையான உடம்போடு செடிகளுக்கு நடுவில் நின்று, குறி பார்த்து, மெதுவாக நெருங்கி எடுக்கிற மீன். அது குறி பார்த்து முடிப்பதற்குள் பார்ப் நான்கு சுற்று வந்துவிடும். கோரிக்குக் கண்ணைவிட மீசையும் மோப்பமும்தான் பெரிசு. தீனி விழுந்தது தெரிந்து, மண்ணைக் கிளறிக்கொண்டு அது வந்து சேர்வதற்குள் அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அந்த நேரத்தில் கும்பகோணம் பக்கத்தில் இருக்கிற எங்கள் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். அவர் குளத்தில் மீன் வளர்க்கிறவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஏம்மா, நீ ஒரே இடத்துல கொட்டுற, ஒரே நேரத்துல கொட்டுற, அப்புறம் வலுத்தவன்தானே திம்பான்?" என்றார். கரையில் நிற்க வைத்துக் காட்டினார். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் ஒரே குளத்தில் விட்டிருந்தார். கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், அது மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுத்தண்ணீரில். மிர்காலுக்கு வாய் கீழ்நோக்கி, அது அடிச்சேற்றில். இந்தக் கூட்டு மீன்வளர்ப்பே இந்தக் கணக்கில் நடப்பதுதான், மூன்றும் ஒன்றின் தட்டில் ஒன்று கை வைக்காது. தீனியை அவர் வீசவும் இல்லை. தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்து, ஓட்டை போட்ட உரச்சாக்கில் கட்டி, குளத்தில் நட்டிருக்கிற கம்புகளில் பல இடத்தில் தொங்கவிட்டிருந்தார். ஆந்திராவில் மீன் குளக்காரர்கள் செய்கிற முறை அது. ஒரே இடத்தில் இருந்தால் பெரியது காவல் காக்கும், இருபது இடத்தில் இருந்தால் எந்த மீனாலும் காவல் காக்க முடியாது. ரயிலில் ஊர் திரும்புகிற வழியெல்லாம் எனக்கு அந்தச் சாக்குகள்தான் மனதில்.

வந்ததும் முதலில் இடத்தைப் பிரித்தேன். இடது ஓரத்தில் மிதக்கிற ஃப்ளேக்ஸைக் கொஞ்சம் தூவுவது, பார்ப் எட்டும் அங்கே மொய்த்ததும் வலது ஓரத்தில் மூழ்குகிற பெல்லட்டைப் போடுவது. முதல் இரண்டு நாள் நன்றாக வேலை செய்தது. மூன்றாம் நாள் பார்ப்புக்குப் புரிந்துவிட்டது, நான்கு இடப்பக்கம், நான்கு வலப்பக்கம் என்று காத்திருக்க ஆரம்பித்தன, பெல்லட் இறங்க இறங்கத் தலைகீழாகத் துரத்திக்கொண்டு போயின. மீன் பழகிக்கொள்ளும் வேகத்தை நாம் குறைவாகவே நினைக்கிறோம். ஆனாலும் இந்த முறையை நான் விடவில்லை, பக்கத்தை அடிக்கடி மாற்றுகிறேன். தூவும்போது ஒரு சிட்டிகையாகப் போடாமல் தண்ணீரின் நீளத்துக்கும் பரவலாகத் தூவுகிறேன், அதனால் பெரிய ஏஞ்சல் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு சின்னதை விரட்டுவது நிஜமாகவே குறைந்தது.

நேரத்தைப் பிரித்ததுதான் கோரிகளைக் காப்பாற்றியது. பார்ப்புக்குக் கண் வேண்டும், கோரிக்கும் பிளெக்கோவுக்கும் இருட்டு ஒரு பொருட்டே இல்லை. விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்து மூழ்குகிற வேஃபரை, அதாவது வில்லை மாதிரி இருக்கிற தீனியை, போட்டால் போதும் என்று படித்திருந்தேன். முதல் இரவு தோல்வி. தொட்டி விளக்கைத்தான் அணைத்திருந்தேன், ஹாலில் ட்யூப்லைட்டும் டிவியும் ஓடிக்கொண்டிருந்தன, அந்த வெளிச்சமே பார்ப்புக்குப் போதுமாக இருந்தது. வீடே அடங்கிய பிறகு, பத்தரை மணிக்கு மேல், எல்லா விளக்கையும் அணைத்துப் போட்டேன். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றி, அந்த மங்கலான வெளிச்சத்தில் நானும் அவனும் பார்த்தோம். பார்ப் எல்லாம் செடிக்கு நடுவில் நிறம் மங்கி அசையாமல் நின்றன. அடியில் நான்கு கோரியும் வேஃபரைச் சுற்றித் தலையை உள்ளே வைத்து, வாலை வெளியே ஆட்டிக்கொண்டு, ஒரே தட்டில் சாப்பிடுகிற பிள்ளைகள் மாதிரி. எவ்வளவு நாள் கழித்து அவை நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கும் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அளவு பற்றி ஒரு வார்த்தை. ராத்திரித் தீனி என்பது கூடுதல் தீனி கிடையாது, பகலில் போட்டதில் கால்வாசியைக் குறைத்துத்தான் ராத்திரிக்கு வைக்க வேண்டும். நான்கு கோரிக்கு ஒரு வேஃபரை நான்காக உடைத்து நான்கு இடத்தில் போடுகிறேன். காலையில் மிச்சம் இருந்தால் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும், இதில் சோம்பல் கூடாது.

இன்னொன்று கொட்டாங்குச்சி. பகலிலும் கோரிகளுக்கு ஏதாவது கிடைக்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு கொட்டாங்குச்சியை நார் சுத்தமாக நீங்கும்வரை சுரண்டி, வேகவைத்து, பல நாள் தண்ணீர் மாற்றி ஊறவைத்துச் சாயம் இறங்கிய பிறகு கவிழ்த்து வைத்தேன். விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்கு வாசல் மாதிரி அரத்தால் ராவி, ஓரங்களை உப்புத்தாள் போட்டு மழமழவென்று ஆக்கினேன், மீசை கிழியக் கூடாது. மேலே இருக்கிற கண்ணில் ஒரு பிளாஸ்டிக் குழாய். குழாய் வழியாகப் பெல்லட்டைப் போட்டால் நேராகக் கொட்டாங்குச்சிக்குள் விழும். வளர்ந்த பார்ப்பின் உடம்பு உயரமானது, கோரி தாழ்வானது. பார்ப் வாசலில் வந்து தலையை விட்டுப் பார்த்தது, இரண்டு தடவை சாய்ந்து நுழையப் பார்த்தது, அப்புறம் போய்விட்டது. கோரிகள் இரண்டாம் நாளே வாசலைக் கண்டுபிடித்துவிட்டன. குட்டி பார்ப் இருக்கிற தொட்டியில் இது சரிப்படாது, அவை சுலபமாக நுழைந்துவிடும்.

கூடவே கலர் கல்லை எடுத்துவிட்டு மெல்லிய ஆற்று மணல் போட்டேன். முதலிலேயே செய்திருக்க வேண்டும். கல்லிடுக்கில் இறங்குகிற தீனி கோரிக்கு எட்டாது, கூரான கல் அதன் மீசையைத் தேய்த்துவிடும். மணலில் விழுந்தது மேலேயே நிற்கும், அதுவும் எடுக்கும், மிஞ்சினால் நமக்கும் கண்ணுக்குத் தெரியும்.

பிளெக்கோவை நான் கடைசியாகத்தான் நினைத்தேன், அதற்காக வருத்தப்படுகிறேன். தொட்டியைச் சுத்தம் பண்ணுகிற மீன், பாசி தின்று பிழைத்துக்கொள்ளும் என்பது பரவலான நம்பிக்கை. மூன்றடித் தொட்டியில் வளர்கிற பாசி அதற்கு எத்தனை நாள் வரும்? இப்போது வாரத்தில் மூன்று இரவு வெள்ளரித் துண்டை எவர்சில்வர் ஸ்பூனில் குத்தி மூழ்க வைக்கிறேன், காலையில் எடுத்துவிடுகிறேன். விதைப்பகுதி முழுக்கச் சுரண்டப்பட்டு வளையம் மட்டும் மிஞ்சியிருக்கும். தொட்டியில் ஒரு மரக்கட்டையும் வைத்திருக்கிறேன், அதையும் சுரண்டிக்கொண்டே இருக்கும்.

சின்ன ஏஞ்சல் கதை வேறு மாதிரி போனது. அதற்கு நெற்றி ஒட்டிப்போய் முதுகு கத்தி முனை மாதிரி ஆகிவிட்டது. போட்டியால் மெலிகிறதா, வயிற்றில் புழு இருக்கிறதா என்பதில் எனக்குக் குழப்பம், ஏனென்றால் இரண்டிலும் மீன் மெலியும், மருந்து தேவையில்லாமல் போட எனக்கு மனமில்லை. அதனால் இருபது லிட்டர் பிளாஸ்டிக் டப்பில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டு ஐந்து நாள் தனியாக வைத்தேன். தனியாக இருந்ததும் முதல் நாளே சாப்பிட்டது, கழிவும் சாதாரண நிறத்தில் இருந்தது. நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போனாலோ, கழிவு வெள்ளை நூல் மாதிரி தொங்கினாலோ அப்போது புழுவைச் சந்தேகப்பட வேண்டும். இதற்குப் பசிதான் நோய்.

திரும்பத் தொட்டியில் விட்டபோது ஊசி இல்லாத பத்து மில்லி சிரிஞ்சில் ஏர் பம்ப் ட்யூபை மாட்டி, உறைந்த ரத்தப்புழுவைத் தொட்டித் தண்ணீரிலேயே உருக்கி, அதன் வாய்க்கு நேராக இரண்டு மூன்று புழுவாக விட்டேன். பெரிய ஏஞ்சல் வரும்போது நிறுத்துவேன், போனதும் விடுவேன். தேறியது. உயிரோடு விற்கிற சிவப்புப் புழுவை முன்பு போடுவேன், இப்போது போடுவதில்லை. அது சாக்கடைச் சேற்றில் வளர்வது, எவ்வளவு அலசினாலும் எனக்குப் பயம் போகவில்லை.

ஆனால் தீனியைத் தாண்டி ஒரு விஷயம் இருந்தது. பார்ப் இரண்டு ஏஞ்சலின் நூல் போன்ற துடுப்பைக் கடிக்க ஆரம்பித்திருந்தன. டைகர் பார்ப் பெரிய கூட்டமாக இருந்தால் அவற்றுக்குள்ளேயே துரத்திக்கொள்ளும் என்பது உண்மைதான், எட்டு இருந்தும் எங்கள் வீட்டில் கடி நிற்கவில்லை. இடத்தைப் பிரிக்கலாம், நேரத்தைப் பிரிக்கலாம், சில மீன்களையே பிரிக்க வேண்டும். இரண்டு ஏஞ்சலையும் அம்பத்தூரில் இருக்கிற அண்ணி வீட்டுத் தொட்டிக்குக் கொடுத்தோம், அங்கே பார்ப் இல்லை, தொட்டியும் உயரமானது. மகன் அழுதான். இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது சின்னதின் துடுப்பு வளர ஆரம்பித்திருந்தது, அதை அவனே முதலில் காட்டினான்.

ஊருக்குப் போகிறவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு கல்யாணத்துக்கு ஐந்து நாள் திருநெல்வேலி போனோம், நேரத்துக்குத் தானாகத் தீனி கொட்டுகிற மெஷினை மாட்டிவிட்டுப் போனேன். அது ஒரே இடத்தில், பகலில், மிதக்கிற தீனியைக் கொட்டும். அதாவது நான் பழைய காலத்தில் செய்த எல்லாத் தப்பையும் ஐந்து நாள் தவறாமல் செய்திருக்கிறது. திரும்பி வந்தபோது பார்ப் கொழுத்திருந்தன, கோரிகளின் வயிறு மறுபடி உள்ளே போக ஆரம்பித்திருந்தது. நல்ல உடம்போடு இருக்கிற வளர்ந்த மீன் நான்கைந்து நாள் பட்டினியைத் தாங்கும், அதனால் சின்னப் பயணம் என்றால் இப்போது போகிற அன்று ராத்திரி அடிமீன்களுக்கு நன்றாகப் போட்டுவிட்டு மெஷின் இல்லாமலே போகிறேன். அதற்கு மேல் என்றால் எதிர்வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்து, ஒவ்வொரு நாளுக்கும் மருந்துப் பொட்டலம் மாதிரி மடித்து, "பகல்", "ராத்திரி, லைட் அணைத்த பிறகு" என்று எழுதிக் கொடுக்கிறேன். டப்பாவை மட்டும் கையில் கொடுக்கவே மாட்டேன். பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார்கள்.

நாற்பது பெல்லட் கணக்கை நாங்கள் மாதத்துக்கு ஒரு தடவை செய்கிறோம். புது மீன் வந்தாலோ, செடியை வெட்டி இடம் மாற்றினாலோ கணக்கு மாறிவிடுகிறது. போன மாதம் கொட்டாங்குச்சிக்குள் போன பெல்லட் ஒன்பது. நோட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அவன் மீசையோடு ஒரு மீன் வரைந்து வைத்திருக்கிறான், வயிற்றை நன்றாக உருண்டையாகப் போட்டு.